ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு சிவப்பு டப்பா

1

போன வாரம் இங்குள்ள பூங்காக் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. "இந்த வருடம் உங்கள் பெட்டியை எங்கே ஒளித்து வைக்கப் போகிறீர்கள்? குழந்தைகள் காத்திருக்கிறார்கள்" என்று எழுதி, அடியில் ஒரு வாத்துப் படமும் போட்டிருந்தார்கள். இந்த முறை நான் வைக்கவில்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். சற்று நேரத்தில் மார்கரெட் போன் செய்தாள். குழுவின் செயலாளர் அவள்தான். எங்களுக்கு அடுத்த தெரு. நல்ல மனுஷி.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"கோபமாக இருக்கிறேன்" என்றேன்.

"எங்கள் மேலா?"

"இல்லை. கொஞ்சம் உங்கள் மேலும்தான்."

என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், ஏலே, ஏட்டி இல்லாத பாஷையில் எனக்குக் கோபப்பட வரவில்லை. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தென்காசியில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு யாரைச் சொல்கிறேன் என்று உடனே தெரிந்துவிடும். தெரியட்டும்.

2

முதலில் இந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் மற்றது புரியாது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் ஆற்றோரத்துப் பழைய ஊர் ஒன்று. கல் பாலம், இடிந்துபோன மடாலயம், அதை ஒட்டி ஆற்றங்கரையில் ஒரு பெரிய பூங்கா. நான் இங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். காலை பஸ், நாள் முழுக்க அடுத்தவர் முழங்கால், சாயங்காலம் அதே பஸ். வசந்த காலம் வந்தால் மட்டும் ஒரு மாறுதல். பூங்காவில் புதையல் வேட்டை நடக்கும். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு டப்பாவை மர வேருக்குள்ளும் சுவர் இடுக்கிலும் ஒளித்து வைப்பார்கள். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் முத்திரை, ஒரு மைப்பெட்டி, ஒரு குட்டி நோட்டு. குழந்தைகள் துப்புச் சீட்டைப் படித்து, தேடிக் கண்டுபிடித்து, முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொண்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு கிடையாது. குத்தின முத்திரைதான் பரிசு.

பென்சில் அழிக்கிற ரப்பரில் பிளேடால் செதுக்கினால் முத்திரை தயார். நான் வாத்து செதுக்குவேன், பாலம் செதுக்குவேன். என் மகள் யாழினி என்னைவிட நன்றாகச் செதுக்குவாள்.

போன வருட வேட்டைக்கு, தூறலில், மழைக்கோட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பாலத்தடியில் குனிந்து டப்பாவைச் சொருகிக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் போன் பேசினார். நான் பூங்கா வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். ரொம்ப மரியாதை. "மேடம், நீங்கள் அங்கே வைத்தது என்ன என்று சொல்ல முடியுமா?" கையுறை போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே என் வாத்து. அதற்குப் பிறகும் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பூங்காவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள். யாழினி என்னைவிட்டு நாலடி தள்ளி, யாரோ மாதிரி நின்றாள்.

மார்கரெட்டிடம் சொன்னபோது சிரித்தாள். "எவ்வளவு காலமாக வைக்கிறேன், என்னை ஒருவர்கூட நிறுத்தினதில்லையே!" என்றாள். ஏன் நிறுத்தவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று நான் விழுங்கினது இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

3

போன ஆடியில் யாழினியைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா அம்மா இல்லாத ஊரில் எனக்கு இருப்பது அண்ணன் முருகேசன் ஒருவன்தான். பம்புசெட் கடை வைத்திருக்கிறான். மதினி சுந்தரி. தவமிருந்து பெற்ற மாதிரி வெகு நாள் கழித்துப் பிறந்த ஒரே மகன் கார்த்திக், இப்போது ஏழு வயது.

யாழினிக்குப் பதினாலு. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற வயது. தென்காசிக்கு வர மாட்டேன் என்று விமானம் ஏறும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அங்கே வந்து இறங்கியதும் கார்த்திக் அவளை விடவில்லை. "யாழக்கா, யாழக்கா" என்று வாலைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். ஒருநாள் சாயங்காலம் சிற்றாற்றங்கரைப் பூங்காவுக்கு நடந்து போனோம். நான் படிக்கிற காலத்தில் அங்கே கருவேல முள்தான் இருந்தது. இப்போது நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு எல்லாம் போட்டிருக்கிறார்கள். குற்றாலத்துச் சாரல் அங்கேவரை வந்து முகத்தில் தெளித்தது. யாழினி ஆற்றையும், பாலத்தையும், தூரத்தில் தெரிந்த கோபுரத்தையும் பார்த்துவிட்டு, "அம்மா, இங்கே கார்த்திக்குக்கு ஒரு வேட்டை வைக்கலாமா?" என்று கேட்டாள். அவள் தானாக ஒன்றை விரும்பிக் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு. அதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். டப்பா நனையாமல் இருக்க, தையற்கடையில் மீந்த சிவப்பு ரெக்சின் துணியை வாங்கி வந்து சுற்றினாள். மதினியின் ஊசிப்பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துக் கட்டினாள். கடையில் நீல மை தீர்ந்துபோனதால் சிவப்பு மைப்பெட்டி. முத்திரையில், அருவிக்கடியில் தலைமுடியை விரித்துவிட்டு நிற்கிற ஒரு பெண். நோட்டின் முதல் பக்கத்தில், தனக்குத் தெரிந்த கோணல் மாணல் தமிழில், அதே சிவப்பில் "கார்த்திக்" என்று எழுதினாள்.

சிவப்புத் துணி, கறுப்பு நூல், தலைவிரி பொம்மை, பிள்ளையின் பெயர். இதை எழுதும்போதே உங்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். எனக்கு அன்று தைக்கவில்லை. "அழகா இருக்கு" என்றேன். ஊரைவிட்டு நான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்கா வாசலையடுத்த புன்னை மரத்து வேரில் அவள் டப்பாவை வைத்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் அவித்த கடலை விற்கிற பேச்சியம்மாளின் வண்டி. இலத்தூர்ப் பக்கத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று பிற்பாடு தெரிந்தது. யாழினி அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்திருக்கிறாள். அவளும் சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்திருக்கிறாள். இது யாழினி எனக்குப் பிறகு சொன்னது.

அன்று ராத்திரி கார்த்திக்குக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாக ஐந்தருவியிலும் சாரலிலும் ஆட்டம் போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் என்ன வரும்?

4

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது வாசலில் செருப்புக் கூட்டம். அண்ணன் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். அவனோடு நடக்கிற ஆட்கள் நாலைந்து பேர் முற்றத்தில் நின்றார்கள். மதினி, சுருண்டு கிடந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நீ ஒக்காரு செல்வி" என்றான் அண்ணன். "எம்புள்ளைக்குச் செய்வினை வச்சிருக்காட்டி. பேர எழுதி, பொம்ம போட்டு, ரத்தத்துல நனச்சு, மரத்து மூட்டுல பொதச்சிருக்கா. அந்தக் கடலைக்காரி."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? சார்தான் கண்டுபிடிச்சாரு."

சார் என்பது ஒரு ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. தினமும் அண்ணனோடு நடக்கிறவர். அவர்தான் மரத்தடியில் சிவப்பைக் கண்டு, குச்சியால் இழுத்துப் பிரித்தவர். அதோடு விடாமல், அடுத்து நடந்ததையெல்லாம் போனில் படமும் பிடித்திருக்கிறார். "பாருங்கம்மா" என்று என் முன்னால் போனை நீட்டினார்.

படத்தில் பேச்சியம்மா அப்போதுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிறாள். சுற்றிலும் ஆட்கள். "யாரு வச்சது? சொல்லுட்டி!" என்று அண்ணனுடைய குரல். அவள் நிதானமாகத்தான் சொல்கிறாள். "பம்புசெட் கடை அண்ணாச்சி வீட்டுக்கு வெளிநாட்டுல இருந்து வந்திருக்குல்லா ஒரு பாப்பா, அதுதான் வச்சுது. நான் பாத்தேன்."

"எம் மருமவ மேலயே பழி போடுதியா?" என்று என் அண்ணன் அவளை அறைகிறான். அவள் வண்டியின் மேல் விழுகிறாள். கடலைச் சட்டி கவிழ்கிறது. யாரோ அவள் முடியைப் பிடிக்கிறார்கள். படம் அதோடு ஆடிப்போய் நின்றுவிடுகிறது.

"இப்ப ஸ்டேஷன்ல இருக்கா" என்றார் சார். "எல்லா குரூப்லயும் போட்டாச்சு. நாலு பேரு ஜாக்கிரதையா இருப்பாங்கல்லா."

எனக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. யாழினி என் தோளுக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"மாமா" என்றாள். அவள் இவ்வளவு தெளிவாகத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. "அது என்னோடது. நான்தான் வச்சேன். கார்த்திக்குக்கு விளையாட."

விளையாட்டை நான் விளக்கினேன். மதினி அழுகையை நிறுத்திவிட்டாள். நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். சார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்ப நல்லதாப் போச்சு" என்றார். என்ன நல்லதாகப் போனது என்று கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு, "சரி, வெளிய யாரும் பேச வேண்டாம். ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு அவள விட்டுரச் சொல்லுதேன்" என்றான்.

"என்ன சொல்லி விடச் சொல்லுவ?"

"என்னத்தச் சொல்ல? பாவம், பொம்பள, மன்னிச்சு விட்டுட்டோம்னு சொல்லுதேன்."

மன்னிச்சு! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை இறங்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயத்தில் கை ஓங்கினான் என்றால்கூட ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். இப்போது பயம் இல்லை. உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மன்னிக்கிறவன் இவனாம், மன்னிக்கப்படுகிறவள் அவளாம். யாழினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினேன்.

5

ஸ்டேஷன் வராந்தாவில், சுவரோரமாகத் தரையில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. காலில் செருப்பு இல்லை. யாழினியைப் பார்த்ததும், "இந்தா, இந்தப் பாப்பாதான்!" என்று எழுந்தாள். "ஒக்காரு, ஒக்காரு" என்று ஒரு போலீஸ்காரர் அவளை அதட்டினார்.

எனக்கு உள்ளே நாற்காலி போட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அட, புதையல் வேட்டையா! அமெரிக்காவுலயா மேடம்?"

"இங்கிலாந்து."

"அங்கெல்லாம் பிள்ளைங்களுக்கு மூளைக்கு வேலை குடுக்குத விளையாட்டா வைக்காங்க. நம்மாளுங்களுக்கு எல்லாத்துலயும் பேய் பிசாசு." டீ சொன்னார். டப்பா மேசைமேல் இருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி மை கரைந்து, பார்க்க ரத்தம் மாதிரிதான் இருந்தது. காலையில் அதைத் தொடவே பயந்த போலீஸ்காரர் இப்போது முத்திரையை எடுத்துத் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். "நல்லா செதுக்கியிருக்கு பாப்பா" என்றார்.

அங்கேதான் எனக்குப் பாலத்தடி ஞாபகம் வந்தது. அந்த ஊரில் என் கையில் இருந்ததால் வாத்துப் பொம்மைகூடச் சந்தேகத்துக்குரிய பொருள். இந்த ஊரில் என் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் செய்வினைகூட மூளைக்கு வேலை. எனக்குக் கிடைத்த இந்த மரியாதை வராந்தாவில் இருக்கிறவளின் கன்னத்திலிருந்து பிடுங்கினது என்று தோன்றியது. டீயைத் தொடவில்லை.

"அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்க" என்றேன்.

"அவ அங்கன இருந்துக்கிடுவா மேடம்."

யாழினிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "சார், அவங்க ஒண்ணும் பண்ணல. அவங்க அடப்பாவி!" என்றாள்.

ஸ்டேஷனே கொல்லென்று சிரித்தது. அப்பாவி என்று சொல்ல வந்தாள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நானும் வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சரி, கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், அதற்கும் ஒரு காகிதம் இருந்தது. காலையிலேயே பேச்சியம்மாவிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். பொது இடத்தில் இனிமேல் இப்படிப்பட்ட காரியம் செய்ய மாட்டேன், மீறினால் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று. அடியில் அவள் கைரேகை. கையெழுத்துப் போடத் தெரியாதவள், டப்பாவில் பெயர் எழுதினாள் என்று அடித்திருக்கிறார்கள்!

"இதைக் கிழிங்க" என்றேன்.

"அது ரெக்கார்டு மேடம். ஒண்ணும் ஆவாது, சும்மா கெடக்கும்."

"சும்மா கிடக்கறதுக்கா எழுதி வாங்கினீங்க? கிழிங்க. இல்லைன்னா, நான்தான் டப்பா வச்சேன்னு இப்பவே எழுதித் தாரேன். எம்மேல நடவடிக்கை எடுங்க. அடிச்சது யாருன்னும் எழுதுதேன். எங்க அண்ணன்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடும்பத்துக்குள்ள எதுக்கு மேடம் இதெல்லாம்" என்றார். யாழினியின் பாஸ்போர்ட் நகல், என்னுடைய விலாசம், இது என்ன விளையாட்டு என்று விளக்கி ஒரு கடிதம், எல்லாம் கேட்டார். எல்லாம் கொடுத்தேன். கடைசியில் என் கண்முன்னால் கிழித்தார். அதுவும் பேச்சியம்மாவுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரி ஏதாவது எழுதிவைப்பாள் என்ற பயத்துக்காக.

வெளியே வந்து, அண்ணன் மேல் புகார் கொடுக்கலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டே கேட்டாள்.

"நீங்க எந்நேரமும் எங்கூட இருப்பியளா?"

யாழினி அவள் கையைப் பிடிக்கப் போனாள். பேச்சியம்மா கையை இழுத்துக்கொண்டாள். "ஒங்க வெளையாட்டுக்கு எங்கன்னம்தான் கெடச்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்து போனாள்.

6

வீட்டுக்குத் திரும்பி வந்து பெட்டியைக் கட்டினேன். "நீ அவகிட்டப் போய் மன்னிப்புக் கேக்காத வரைக்கும் ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று அண்ணனிடம் சொன்னேன். மதினி தடுத்துப் பார்த்தாள். கார்த்திக் காய்ச்சலோடு யாழினியின் காலைக் கட்டிக்கொண்டான். நான் நிற்கவில்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். சீசன் நேரம், வாடகை ஆனை விலை. ராத்திரியும் பகலும் எண்ணெய் வாடையும் ஈரத் துண்டுமாகக் கூட்டம். காலையில் பேரருவியில் பெண்கள் வரிசையில் நின்று தலையைக் கொடுத்தேன். தலையில் அருவி விழுந்தால் எல்லாம் இறங்கிவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். குளிர்தான் ஏறியது. கோபம் அப்படியே இருந்தது.

சாயங்காலம் ஆனால் பஸ் பிடித்துத் தென்காசிப் பூங்காவுக்குப் போவோம். பேச்சியம்மா திரும்ப வந்திருந்தாள். வராமல் என்ன செய்வாள்? நெளிந்த சட்டியைத் தட்டிச் சரிசெய்து அடுப்பில் வைத்திருந்தாள். ஆனால் வாங்க ஆள் இல்லை. அது விளையாட்டு டப்பா என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் தாய்மார்கள் பிள்ளைகளை அந்தப் பக்கமாக விலக்கிக் கூட்டிப் போனார்கள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன். "தெரியும்பா, வெளையாட்டுதான். இருந்தாலும்..." என்றாள். அந்த இருந்தாலுமுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால், நடையைக் கட்டினாள். இந்த 'இருந்தாலும்' ஒன்றை வைத்துக்கொண்டு ஒருத்தியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடலாம் நம் ஊரில்.

யாழினி என்னைக் கேட்கவில்லை. போய் வண்டியருகில் இருந்த கல்லில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணு" என்றாள். பேச்சியம்மா பேசாமல் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். யாழினி ஒவ்வொரு கடலையாக உரித்து, வருகிற போகிற எல்லோரும் பார்க்கத் தின்றாள். மறுநாளும் அதே கல். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள்தான் பேச்சியம்மா அவளிடம் பேசினாள். "கடலையோட தோல அங்கன போடாத, இந்தச் சாக்குல போடு." அவ்வளவுதான். யாழினி அதற்கு ஏதோ விருது வாங்கின மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வெளிநாட்டுப் பெண் தின்கிறாளே, அப்படியென்றால் பயம் இல்லை என்று. ஒரு குடும்பம் யாழினியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கடலையும் வாங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் முகத்தில் துப்பத்தான் தோன்றியது. எத்தனை மழைக்கும் வெயிலுக்கும் அங்கேயே நின்று உங்கள் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டினவளை நம்ப, நேற்று வந்த என் மகள் தின்று காட்ட வேண்டியிருக்கிறது.

நான் லாட்ஜில் தங்கியிருப்பது இதற்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கூடப்பிறந்தவள் ஊருக்கு வந்தும் அண்ணன் வீட்டில் தங்கவில்லை என்றால் சும்மா விடுவார்களா? ஒரு மத்தியானம் அண்ணன் லாட்ஜுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

"கடைக்கு வாரவன் போறவன் எல்லாம் கேக்கான் செல்வி. ஏன் என்ன இப்பிடி அசிங்கப்படுத்துத?"

"பேச்சியம்மாகிட்டப் போய்ப் பேசு. அந்த நிமிசமே வாரேன்."

"வீட்டுக்குக் கூப்பிட்டு விடுதேன். சேலை எடுத்துக் குடுக்கேன். என்ன வேணுமோ செய்யுதேன்."

"வீட்டுக்குள்ள வச்சு இல்ல. பூங்காவுல."

"ஊரு முன்னாலயா?"

"ஊரு முன்னாலதான அடிச்ச?"

அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். "எம்புள்ள பேரு செவப்புல எழுதியிருந்துச்சுட்டி. எனக்குக் கண்ணு தெரியல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பயம் உண்மை. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது.

"அது சரி" என்றேன். "அவ நம்ம வீட்டப் பேரு சொல்லித்தான சொன்னா? ஒரு போன் போட்டு எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா? அவளுக்குப் பதிலா பக்கத்து வீட்டு டீச்சர் அதச் சொல்லியிருந்தா கேட்டிருப்பியா மாட்டியா?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

7

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள். சாரல் விட்டு நல்ல வெளிச்சம். பூங்காவில் கூட்டம் இருந்தது. நானும் யாழினியும் வண்டியருகில் நின்றிருந்தபோது அண்ணன் வந்தான். கார்த்திக் காய்ச்சல் விட்டு, பழையபடி குதித்துக்கொண்டு கூட வந்தான்.

அண்ணன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். சட்டைப் பையில் கை போனது. பேச்சியம்மா அதைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். கை நின்றது.

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான். "தெரியாம... மன்னிச்சிரும்மா."

"மன்னிப்பும் வேண்டாம்" என்றாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இவ செய்யலன்னு சொல்லுங்க. அன்னைக்கு எப்பிடிச் சொன்னியளோ அப்பிடி."

"நீ செய்யலம்மா."

"எனக்குத்தான் தெரியுமே. இவங்களுக்குச் சொல்லுங்க."

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். நடக்கிறவர்கள் நடையைக் குறைத்திருந்தார்கள். "இவ ஒண்ணும் செய்யல" என்றான். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"கேக்கல அண்ணாச்சி."

மறுபடி சொன்னான்.

"இன்னும் கேக்கல. அன்னைக்கு ஆத்துக்கு அந்தக் கரைவரைக்கும் கேட்டுச்சு ஒங்க சத்தம்."

அவன் நெற்றியில் வேர்த்தது. கார்த்திக் ஒன்றும் புரியாமல் அப்பாவின் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் அண்ணனுக்காகத்தான் பேசியிருப்பேன். சின்னப் பிள்ளையிலிருந்தே என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்தவன், ஒருநாளும் யார் முன்னாலும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அது எனக்கு வலித்தது என்பதை எழுதாமல் விட்டால் நான் எழுதினது எல்லாம் பொய்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இவ செய்யல!" என்று கத்தினான். ஊஞ்சல் ஆடின பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எங்க வீட்டுப் புள்ளதான் வச்சுது! இவ உண்மையத்தான் சொன்னா! நான்தான் கேக்காம அடிச்சுட்டேன்!"

பேச்சியம்மா தலையை மட்டும் அசைத்தாள். "சரி, போங்க" என்றாள். அவள் அழவில்லை. கும்பிடவில்லை. கரண்டியை எடுத்துக் கடலையைக் கிளறினாள். அண்ணன் கார்த்திக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். ராத்திரி அவன் வீட்டில் சாப்பிட்டேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் போனில் கார்த்திக்கின் படிப்பைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசுகிறோம்.

அன்று பூங்காவில் அண்ணன் வாசலைத் தாண்டுகிறவரை கூட்டம் அப்படியே நின்றது. அதிலிருந்து சார் முன்னால் வந்தார். படம் பிடித்த அதே சார். வெள்ளை ஷூ, கையில் ஒரு குடை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இந்தப் பொண்ணு அப்பிடிப்பட்டவ இல்லன்னு."

"தெரிஞ்சா ஏன் சார் வாயத் தொறக்கல?" என்று கத்தினேன். "அந்தப் படத்த அத்தன குரூப்புக்கும் அனுப்பினீங்களே, இதையும் படம் பிடிச்சீங்களா? இத அனுப்புவீங்களா?"

வெளிநாட்டுக்காரி கொஞ்சம் அப்படி இப்படி என்பதுபோல மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். ரூபாயை எடுத்து வண்டிமேல் வைத்து, "ஒரு பொட்டலம் குடும்மா" என்றார்.

பேச்சியம்மா கையில் அப்போதுதான் மடித்த பொட்டலம் ஒன்று இருந்தது. அதை அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் நீட்டினாள். அவர் வைத்த ரூபாயை எடுத்து, அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"ஒங்களுக்குக் கெடையாது சார்" என்றாள்.